எதைக் கூட்டலாம்?

ஒரு வேலையை ராமு 6 நாளில் முடிப்பார், சோமு 3 நாளில் முடிப்பார். இருவரும் சேர்ந்து செய்தால் எத்தனை நாள் ஆகும்? எட்டாம் வகுப்புப் பாடநூலின் வாழ்வியல் கணிதத்திலும், டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 பாடத்திட்டத்திலும், வங்கித் தேர்வுக்கான பயிற்சிப் புத்தகங்களிலும் இந்தக் கேள்வி ஆளும் எண்ணும் மாறி வந்துகொண்டே இருக்கிறது. விடை 2 நாள். 9 என்று சொல்பவர் நாட்களைக் கூட்டியிருக்கிறார். நாலரை என்று சொல்பவர் சராசரி எடுத்திருக்கிறார். சோமு ஒருவரே 3 நாளில் முடித்துவிடுவார் என்பது இருவருக்குமே நினைவில் இல்லை. துணைக்கு ஆள் வந்து வேலை தாமதமாவது கணக்கில் நடக்காது. மனிதர்களிடையே சில சமயம் நடக்கும், அதற்குப் பிறகு வருவோம். இந்த வகைக் கணக்கைப் பெரும்பாலும் ஒரு குறுக்குவழிச் சூத்திரமாகச் சொல்லிக்கொடுத்து, பத்துக் கணக்குப் போடவைத்து, அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். அது பெரிய இழப்பு. எந்த அளவுகளை ஒன்றோடொன்று கூட்டலாம், எவற்றைக் கூட்டக் கூடாது, கூட்டுவதற்கு என்ன நிபந்தனை என்று ஒரு மாணவர் முதன்முதலாக யோசிக்க வேண்டிய இடம் இது. அறிவியலில் பின்னால் வரப்போகும் பல விஷயங்கள் இந்த யோசனையின் மேல்தான் நிற்கின்றன.

அடிப்படையை முதலில் பார்த்துவிடலாம். ராமு ஒரு நாளில் வேலையில் ஆறில் ஒரு பங்கைச் செய்கிறார். சோமு மூன்றில் ஒரு பங்கைச் செய்கிறார். ஒரே நாளில், ஒரே வேலையில், இருவரும் செய்து முடித்த பங்குகள் இவை. ஆகையால் தயங்காமல் கூட்டலாம். 1/6 + 1/3 = 1/2. நாளொன்றுக்குப் பாதி என்றால் முழு வேலைக்கு 2 நாள். நாட்களை ஏன் கூட்ட முடியவில்லை? ராமுவின் 6 நாளும் சோமுவின் 3 நாளும் ஒன்றன்பின் ஒன்றாக வருபவை அல்ல, ஒரே சமயத்தில் ஓடுபவை. நேரம் இருவருக்கும் பொது. செய்த வேலைதான் அவரவருடையது. பொதுவானதை விட்டுவிட்டு, தனித்தனியானதைக் கூட்ட வேண்டும். இது பிடிபட்டால் விடையைப் போடுவதற்கு முன்பே அது எங்கே விழும் என்று சொல்லிவிடலாம்: இருவர் சேர்ந்து எடுக்கும் நேரம், வேகமானவரின் நேரத்தைவிடக் குறைவாகவும் அதில் பாதியைவிட அதிகமாகவும் இருக்கும். சோமுவைப் போலவே இன்னொருவர் கிடைத்தால் ஒன்றரை நாள், யாருமே கிடைக்காவிட்டால் 3 நாள். ராமு இந்த இரண்டுக்கும் நடுவில். தேர்வறையில் தரப்படும் நான்கு விடைகளில் இரண்டையாவது இந்த ஒரு யோசனையே பல சமயம் தள்ளிவிடும்.

இந்தக் கணக்கு எந்த ஒரு நாட்டுக்கும் சொந்தமில்லை. சீனாவில் ஹான் அரசர் காலத்தில், ஏறத்தாழ 2,000 ஆண்டுக்கு முன் தொகுக்கப்பட்ட ‘ஒன்பது அத்தியாயங்கள்’ என்ற கணித நூலின் ஆறாம் அத்தியாயத்தில் ஐந்து வாய்க்கால்கள் பாயும் ஒரு குளம் வருகிறது. முதல் வாய்க்கால் மட்டும் திறந்தால் மூன்றில் ஒரு நாளில் நிரம்பும். இரண்டாவது ஒரு நாள், மூன்றாவது இரண்டரை நாள், நான்காவது 3 நாள், ஐந்தாவது 5 நாள். ஐந்தையும் திறந்தால்? ஒவ்வொரு வாய்க்காலும் ஒரு நாளில் எத்தனை குளம் நிரப்பும் என்று எழுதிக் கூட்டு என்கிறது நூல். 3, 1, 2/5, 1/3, 1/5. கூட்டினால் 74/15 குளம். விடை ஒரு நாளில் 74-இல் 15 பங்கு. கிரேக்கச் செய்யுள் தொகுப்பு ஒன்றில் வெண்கலச் சிங்கம் ஒன்று பேசுகிறது: வலக்கண் தொட்டியை 2 நாளில் நிரப்பும், இடக்கண் 3 நாளில், பாதம் 4 நாளில், வாய் 6 மணி நேரத்தில். பகலை 12 மணியாகக் கொண்டால் நான்கும் சேர்ந்து 37-இல் 12 பங்கு நாள். நம் நாட்டில் 1150-இல் இரண்டாம் பாஸ்கரர் எழுதிய ‘லீலாவதி’யில் நான்கு ஊற்றுகள்: தனித்தனியே ஒரு நாள், அரை நாள், மூன்றில் ஒரு நாள், ஆறில் ஒரு நாள். 1 + 2 + 3 + 6 = 12; ஆகவே பன்னிரண்டில் ஒரு நாள். மனக்கணக்காகவே போடும்படி எண்களைத் தேர்ந்திருக்கிறார் பாஸ்கரர்; நல்ல ஆசிரியரின் கை அதில் தெரிகிறது.

இத்தாலியில் 1202-இல் ஃபிபொனாச்சி எழுதிய ‘லிபர் அபாச்சி’யில் தண்ணீர் போய் ஆடு வருகிறது. ஓர் ஆட்டைச் சிங்கம் 4 மணி நேரத்திலும் சிறுத்தை 5 மணி நேரத்திலும் கரடி 6 மணி நேரத்திலும் தின்னும். மூன்றும் சேர்ந்து தின்றால்? பின்னமே இல்லாமல் இதைத் தீர்க்கலாம். 4, 5, 6 மூன்றாலும் வகுபடும் 60-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 60 மணி நேரத்தில் சிங்கம் 15 ஆடு, சிறுத்தை 12, கரடி 10, ஆக 37 ஆடு. 37 ஆட்டுக்கு 60 மணி என்றால் ஓர் ஆட்டுக்கு 60/37 மணி. (இரண்டு சிங்கக் கணக்கிலும் 37 வருவது தற்செயல்தான்.) இன்று போட்டித் தேர்வுப் பயிற்சி வகுப்புகளில் மீச்சிறு பொது மடங்கு முறை என்று சொல்லிக்கொடுப்பது இதேதான். முதலிருவர் சேர்ந்து 12 நாள், பின்னிருவர் சேர்ந்து 15 நாள், முதலாமவரும் மூன்றாமவரும் சேர்ந்து 20 நாள் என்றால், மொத்த வேலையை 60 பங்கு என்று வைக்கிறார்கள். ஒரு நாளைக்கு முறையே 5, 4, 3 பங்கு, கூட்டினால் 12. ஒவ்வொருவரும் இதில் இரண்டு முறை வந்திருப்பதால் மூவரும் சேர்ந்து நாளுக்கு 6 பங்கு, 10 நாளில் வேலை முடியும். பின்னம் என்றால் தயங்கும் மாணவருக்கு இது நல்ல வழி. ‘வேலை’ என்ற பிடிபடாத ஒன்றை எண்ணக்கூடிய பங்குகளாக மாற்றிக் கையில் கொடுப்பதால், எதைக் கூட்டுகிறோம் என்பது கண்ணுக்குத் தெரிகிறது.

இவ்வளவு விளக்கம் எதற்கு, பெருக்கி அதைக் கூட்டுத்தொகையால் வகுத்தால் விடை வந்துவிடுகிறதே என்று தேர்வுக்குப் படிப்பவர்கள் கேட்பார்கள். 6-ஐயும் 3-ஐயும் பெருக்கினால் 18, கூட்டினால் 9, வகுத்தால் 2. நிமிடத்துக்கு ஒரு கணக்கு முடிக்க வேண்டியவருக்கு வேகம் முக்கியம். அந்தக் கேள்வியைக் குறைத்து மதிக்க எனக்கு மனமில்லை. ஆனால் மூன்றாவது ஆள் வந்ததும் என்ன நடக்கிறது என்று பாருங்கள். 6, 3, 2 நாள் எடுக்கும் மூவர். சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்தவர் மூன்றையும் பெருக்கி 36 என்பார், கூட்டி 11 என்பார், வகுத்து மூன்றேகால் நாளுக்குச் சற்று மேல் என்பார். மூவரில் ஒருவர் தனியாகவே 2 நாளில் முடிப்பவர்! சரியான விடை ஒரே நாள்: 1/6 + 1/3 + 1/2 = 1. தவறு எங்கே என்பதை அலகே காட்டிக்கொடுக்கிறது. இருவர் கணக்கில் நாளை நாளால் பெருக்கி நாளால் வகுக்கிறோம், மிஞ்சுவது நாள். மூவர் கணக்கில் நாளை மூன்று முறை பெருக்கி ஒரு முறை வகுத்தால் மிஞ்சுவது நாளின் வர்க்கம், அப்படி ஒரு காலமே கிடையாது. மூவருக்கான சூத்திரத்தில் கீழே இரண்டிரண்டாகப் பெருக்கிய தொகைகள் வர வேண்டும். வீதங்களைக் கூட்டத் தெரிந்தவருக்கு அதை நினைவில் வைக்கும் சுமையே இல்லை. மூன்று பேருக்கும் முப்பது பேருக்கும், நடுவில் ஒருவர் நின்றுபோனாலும், இரண்டு நாள் கழித்து ஒருவர் வந்து சேர்ந்தாலும் அவருக்கு வழி ஒன்றே. குறுக்குவழி பயன்படும் இடம் மிகக் குறுகியது. வினாத்தாள் எழுதுபவருக்கும் அது நன்றாகத் தெரியும்.

வீதங்களைக் கூட்டுவதும் எல்லா இடத்துக்குமான விதி அல்ல. சீன நூலின் அதே அத்தியாயத்தில் ஓர் அம்புக் கணக்கு இருக்கிறது. ஒருவர் ஒரு நாளில் 50 அம்புத் தண்டு செய்வார், அல்லது 30 அம்புக்கு இறகு கட்டுவார், அல்லது 15 அம்புக்கு முனை பொருத்துவார். மூன்றையும் அவரே செய்து முடிப்பதென்றால் நாளுக்கு எத்தனை அம்பு? 50, 30, 15-ஐக் கூட்டி 95 என்றால் அபத்தம். இங்கே ஒரே ஆள். தண்டு முடிந்த பிறகு இறகு, இறகு முடிந்த பிறகு முனை. ஓர் அம்புக்கு 1/50 நாளும் 1/30 நாளும் 1/15 நாளும் தேவை. நேரங்களைத்தான் கூட்ட வேண்டும்: 18/150 நாள். ஆகவே நாளுக்கு எட்டு அம்பும் மூன்றில் ஒரு பங்கும். பக்கத்தில் பக்கமாக நடப்பவற்றுக்கு வீதம் கூடும், ஒன்றன்பின் ஒன்றாக நடப்பவற்றுக்கு நேரம் கூடும் என்ற இந்த வேறுபாட்டை அந்த நூலைத் தொகுத்தவர்கள் ஒரே அத்தியாயத்துக்குள் வைத்தது எனக்கு வியப்பாக இருக்கிறது. நம் பாடநூல்களில் இந்த இரண்டும் அருகருகே வருவதில்லை. பத்தாம் வகுப்பில் மின்தடை வரும்போதுதான் மாணவர் இதை மறுபடி சந்திக்கிறார். 6 ஓம், 3 ஓம் மின்தடைகளைப் பக்க இணைப்பில் போட்டால் 2 ஓம். தொடர் இணைப்பில் போட்டால் 9 ஓம். ராமு, சோமு கணக்கின் அதே எண்கள். முதல் பத்தியில் 9 என்று தவறாகச் சொன்னவர் உண்மையில் வேறொரு கேள்விக்குச் சரியான விடை சொல்லியிருக்கிறார்: ராமு ஒரு வேலையை முடித்த பிறகே சோமு அடுத்ததைத் தொடங்க முடியும் என்ற கேள்விக்கு. மாணவரிடம் ‘தப்பு’ என்று மட்டும் சொல்வதைவிட இதைச் சொன்னால் அவர் இரண்டையும் சேர்த்தே கற்றுக்கொள்வார்.

அடுத்த நிபந்தனை, வீதம் மாறாமல் இருக்க வேண்டும் என்பது. பாடநூல் இதைச் சொல்லாமலேயே எடுத்துக்கொள்கிறது. தேர்வுகளில் தவறாமல் வரும் ஓட்டைத் தொட்டியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். குழாய் தொட்டியை 8 மணி நேரத்தில் நிரப்பும். அடியில் உள்ள ஓட்டை, நிறைந்த தொட்டியை 10 மணி நேரத்தில் காலி செய்யும். ஓட்டையோடு தொட்டி நிரம்ப எவ்வளவு நேரம்? 1/8-இலிருந்து 1/10-ஐக் கழித்தால் 1/40. விடை 40 மணி. உண்மையான தொட்டியில் இந்த விடை தவறு, அதுவும் சற்றுக் கூடக்குறைய என்ற அளவிலான தவறு அல்ல. ஓட்டையிலிருந்து நீர் வெளியேறும் வேகம் மேலே நிற்கும் நீர்மட்டத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்று இத்தாலியரான டாரிசெல்லி 1644-இல் வெளியிட்ட நூலில் காட்டினார். நேரான சுவருள்ள தொட்டி என்றால், நிறைந்த நிலையில் பீய்ச்சி அடிக்கும் நீர், மட்டம் இறங்க இறங்க நேரத்துக்கேற்ப ஒரே சீராகத் தளர்ந்து கடைசியில் சொட்டுச் சொட்டாக நின்றுபோகும். அதனால் தொடக்க வேகம் சராசரி வேகத்தைப் போல இரண்டு மடங்கு. 1,000 லிட்டர் தொட்டி, ஒரு மீட்டர் உயரம் என்று வைப்போம். 10 மணி நேரத்தில் காலியாகிறது என்றால் சராசரியாக மணிக்கு 100 லிட்டர். நிறைந்திருக்கும்போது மணிக்கு 200 லிட்டர். குழாயோ மணிக்கு 125 லிட்டர்தான் விடுகிறது. தொட்டி நிறையும் தறுவாயில் ஓட்டை குழாயை வென்றுவிடும்! காலித் தொட்டியில் குழாயைத் திறந்தால் மட்டம் முதலில் வேகமாக ஏறும், பிறகு மெல்ல ஏறும். உள்ளே வருவதும் வெளியே போவதும் சமமாகும் இடத்தை நெருங்கி, அதற்கு மேல் ஏறாது. வர்க்கமூலம் 5/8 ஆகும் உயரம் அது: 25/64, அதாவது 39 சென்டிமீட்டர். 40 மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தாலும் 390 லிட்டர்தான் இருக்கும், 400 மணி நேரம் கழித்துப் பார்த்தாலும் அதேதான். இந்தக் குழாய் தொட்டியை நிரப்ப வேண்டுமானால், அதைக் காலி செய்ய ஓட்டைக்கு 16 மணி நேரத்துக்கு மேல் ஆக வேண்டும்.

இதனால் கணக்கின் அடித்தளம் இடிந்துவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு கணத்திலும் குழாயின் வீதத்திலிருந்து ஓட்டையின் வீதத்தைக் கழித்ததுதான் மட்டம் ஏறும் வீதம். அந்தக் கூட்டல் கழித்தல் இங்கேயும் பிசகவில்லை. பொய்த்தது, ஓட்டையின் வீதம் எப்போதும் ஒன்றே என்ற எண்ணம் மட்டும். கூட்டலாமா என்பது ஒரு கேள்வி, கூட்டியதை முழு நேரத்துக்கும் பெருக்கலாமா என்பது வேறு கேள்வி என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவருக்கு நுண்கணிதத்தின் வாசல் திறந்துவிட்டது. மாறும் வீதங்களைக் கணம் கணமாகக் கூட்டுவதற்குத்தானே அது தோன்றியது.

மனிதர்களிடம் வரும்போது மூன்றாவது நிபந்தனை உடைகிறது: ஒருவர் வேலை செய்வது இன்னொருவரின் வீதத்தை மாற்றக் கூடாது என்ற நிபந்தனை. பிரான்ஸ் நாட்டு வேளாண் பொறியியல் பேராசிரியர் மாக்ஸ் ரிங்கல்மன், மனிதர்களும் மாடுகளும் இயந்திரங்களும் இழுக்கும் திறனை ஆராய்ந்து 1913-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். கூட்டமாக வேலை செய்யும்போது ஒவ்வொருவரும் தரும் திறன் எப்படிக் குறைகிறது என்று அதில் ஓர் அட்டவணை இருக்கிறது. தனியாள் தருவதை 1 என்று வைத்தால், இருவர் சேரும்போது ஆளுக்கு 0.93, நால்வர் என்றால் 0.77, எழுவர் என்றால் 0.56, எண்மர் என்றால் 0.49. கடைசி இரண்டையும் ஆள் கணக்கால் பெருக்கிப் பாருங்கள். ஏழு பேர் சேர்ந்து 3.92, எட்டுப் பேர் சேர்ந்தும் 3.92. எட்டாவது ஆள் கயிற்றைப் பிடித்தும் மொத்தத்தில் ஒன்றும் கூடவில்லை. எல்லோரும் ஒரே கணத்தில் இழுக்க முடியாமல் போவது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை 1974-இல் ஆலன் இங்கமும் உடன் ஆய்வாளர்களும் பிரித்துக் காட்டினார்கள். ஒருவரின் கண்ணைக் கட்டி, பின்னால் மற்றவர்களும் இழுக்கிறார்கள் என்று நம்பவைத்து, உண்மையில் அவரை மட்டும் இழுக்கவிட்டார்கள். துணை இருக்கிறது என்ற நம்பிக்கையிலேயே அவருடைய இழுப்பு குறைந்தது. ஒத்திசைவு தவறியதால் வந்த இழப்பு இதில் இருக்க வழியே இல்லை, ஏனென்றால் ஒத்திசைக்க வேறு ஆளே இல்லை.

இங்கேதான் இந்தக் கணக்குகள் மீதான முக்கியமான ஆட்சேபம் வருகிறது. மனிதர் குழாய் அல்ல. ஆளுக்கு ஆள் களைப்பும் மனநிலையும் வேறு. இருவர் சேர்ந்தால் பேச்சும் சேரும். ஆகையால் பத்துப் பேர் நூறு நாளில் கட்டும் வீட்டை ஆயிரம் பேர் ஒரே நாளில் கட்டுவார்கள் என்று நம்பவைக்கும் கணக்கைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவதே பிழை என்கிறார்கள். ஆட்சேபத்தின் முதல் பாதி முழுக்க உண்மை. தளம் போட்ட கான்கிரீட்டைக் குறைந்தது ஏழு நாளாவது ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும். எத்தனை கொத்தனாரும் சித்தாளும் வந்து நின்றாலும் அந்த ஏழு நாள் ஆறாகாது. கணினித் துறையில் ஜீன் ஆம்டால் 1967-இல் இதையே எண்ணாக்கினார். 100 மணி நேர வேலையில் 10 மணி நேரம் பங்கிட முடியாதது என்றால், பத்துப் பேர் போட்டாலும் 10 + 9 = 19 மணி ஆகும்; எத்தனை பேர் போட்டாலும் 10 மணிக்குக் கீழே போகாது. ஐ.பி.எம். நிறுவனத்தில் பெரிய மென்பொருள் திட்டம் ஒன்றை நடத்திய ஃபிரெடெரிக் புரூக்ஸ் 1975-இல் எழுதிய நூலில் இன்னும் ஒரு படி மேலே போய், ஏற்கெனவே தாமதமான திட்டத்தில் புது ஆட்களைச் சேர்த்தால் தாமதம் கூடவே செய்யும் என்றார். புதியவருக்குச் சொல்லிக்கொடுக்கப் பழையவர் நேரம் போகிறது. ஐந்து பேரிடையே பேசிக்கொள்ள வேண்டிய இணைகள் 10, பத்துப் பேரிடையே 45.

ஆனால் ஆட்சேபத்தின் முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. எட்டுப் பேரின் திறன் எட்டாக இருந்திருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இல்லாமல் 3.92 ஓர் இழப்பு என்று ரிங்கல்மன் எப்படிச் சொல்லியிருப்பார்? 10 மணி நேரத்தில் முடிய வேண்டியது 19 ஆனது என்று தெரிந்ததால்தானே எது பங்கிட முடியாதது என்று ஆம்டாலால் தேட முடிந்தது? எளிய கூட்டல் பொய்க்கும் இடத்தில், பொய்க்கும் அளவே ஒரு தகவல். அந்தத் தகவலைப் படிக்க எளிய கூட்டலைத் துல்லியமாகப் போடத் தெரிந்திருக்க வேண்டும். மனிதர் வேலை எல்லாமே இப்படி உடைந்துபோவதும் இல்லை. நடவு வயலில் பத்துப் பெண்கள் ஆளுக்கொரு பத்தியாக நடும்போது, ஒருவர் பத்தியில் இன்னொருவர் குறுக்கிடுவதில்லை. அங்கே இந்தக் கணக்கு ஏறத்தாழப் பொருந்துகிறது. எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்று கேட்காமல் விடுவதுதான் குறை, அந்தக் குறை கணக்கினுடையது அல்ல, அதை நாம் கையாளும் விதத்தினுடையது. கேட்காமலே போடப் பழகினால் என்ன ஆகும் என்பதற்குப் பிரான்ஸில் கிரெனோபிள் நகர ஆய்வாளர்கள் 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒரு சான்று கண்டார்கள். ஒரு கப்பலில் 26 செம்மறியும் 10 வெள்ளாடும் இருக்கின்றன, கப்பல் தலைவரின் வயது என்ன என்று தொடக்கப் பள்ளிக் குழந்தைகள் 97 பேரிடம் கேட்டார்கள். 76 பேர் கொடுத்த எண்களை வைத்தே ஒரு வயதைக் கணக்கிட்டுச் சொன்னார்கள். அந்தக் குழந்தைகள் மந்தமானவர்கள் அல்ல. எண் கொடுத்தால் ஏதாவது செய்துதான் ஆக வேண்டும் என்று வகுப்பறை அவர்களுக்குக் கற்றுத் தந்திருந்தது. நம் பயிற்சி வினாக்களில் பத்துக்கு ஒன்றாவது, இரண்டு நாதஸ்வரக் கலைஞர்கள் ஒரு கீர்த்தனையை 12 நிமிடத்தில் வாசித்தால் நான்கு பேர் எவ்வளவு நேரத்தில் வாசிப்பார்கள் என்பது போல இருக்க வேண்டும். அதற்கு 12 என்று எழுதும் மாணவருக்கும் முழு மதிப்பெண் தர வேண்டும், காரணம் எழுதினால் இன்னும் இரண்டு கூட்டித் தரலாம்.

நிபந்தனைகளைத் தெரிந்துகொண்டு இந்தக் கணக்கைக் கையாண்டால் அது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நியூட்டன் ஓர் எடுத்துக்காட்டு. 1707-இல் வெளியான அவருடைய இயற்கணித நூலில் மாடுகள் மேயும்போதே புல்லும் வளர்ந்துகொண்டிருக்கிறது. 12 மாடுகள் மூன்றேமூன்றில் ஒரு ஏக்கரை 4 வாரத்தில் மேய்ந்து தீர்க்கும். 21 மாடுகள் 10 ஏக்கரை 9 வாரத்தில் தீர்க்கும். 24 ஏக்கரை 18 வாரத்தில் தீர்க்க எத்தனை மாடு? ஒரு மாடு ஒரு வாரத்தில் தின்பதை ஒரு பங்கு என்போம். முதல் வயலில் ஏக்கருக்கு 14.4 பங்கு, இரண்டாவதில் 18.9 பங்கு. ஐந்து வாரம் கூடுதலாகக் கிடைத்ததில் 4.5 பங்கு வளர்ந்திருக்கிறது, ஆகவே வாரத்துக்கு 0.9, தொடக்கத்தில் இருந்தது 10.8. 18 வாரத்தில் ஏக்கருக்கு 27 பங்கு, 24 ஏக்கருக்கு 648, வாரத்துக்கு 36 மாடு. புல் எவ்வளவு வேகமாக வளர்கிறது என்று யாரும் அளக்கவில்லை. இரண்டு கூட்டு விளைவுகளை ஒப்பிட்டே அந்த வீதம் பிடிபட்டுவிட்டது.

இதே வழியில்தான் அணு மருத்துவம் உடலுக்குள் நடப்பதைக் கண்டுகொள்கிறது. தைராய்டு நோய்க்குக் கதிரியக்க அயோடின்-131 கொடுக்கிறார்கள். அது இரண்டு வழிகளில் குறைகிறது: அணுக்கள் தாமாகச் சிதைகின்றன, அதன் அரை ஆயுட்காலம் சுமார் 8 நாள், உடலும் அதை மெல்ல வெளியேற்றுகிறது. சிதையும் அணுவுக்கு உடலைப் பற்றி எதுவும் தெரியாது, சிறுநீரகத்துக்கு அணுக்கரு பற்றி எதுவும் தெரியாது; மனிதர் கூட்டத்தில் கிடைக்காத சார்பின்மை இங்கே முழுமையாக இருக்கிறது. வீதமும் ஓட்டைத் தொட்டியைப் போல அலைவதில்லை: மிஞ்சியிருப்பதில் ஒரு குறிப்பிட்ட பங்கு, ஒவ்வொரு நாளும் அதே பங்கு. ஆகவே இரண்டு அரை ஆயுட்காலங்களின் தலைகீழிகளைக் கூட்டினால், இரண்டும் சேர்ந்த அரை ஆயுட்காலத்தின் தலைகீழி கிடைக்கும். ஒரு நோயாளியின் கழுத்தருகே கருவி வைத்துச் சில நாள் இடைவெளியில் அளந்ததில், தைராய்டில் உள்ள கதிரியக்கம் 6 நாளில் பாதியாகிறது என்று தெரியவருவதாக வைத்துக்கொள்வோம். இருவர் சேர்ந்து 6 நாள், அவர்களில் ஒருவர் தனியாக 8 நாள், மற்றவர் தனியாக எத்தனை நாள் என்ற தேர்வுக் கேள்வியேதான். 1/6-இலிருந்து 1/8-ஐக் கழித்தால் 1/24. அந்தத் தைராய்டு தான் பிடித்து வைத்த அயோடினில் பாதியை விடுவிக்க 24 நாள் எடுத்துக்கொள்கிறது. அடுத்து எவ்வளவு மருந்து கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்யும் மருத்துவரின் கணக்கில் அந்த எண்ணுக்கு இடம் உண்டு.